எனக்காகச் சொன்ன பொய்

எனக்கு முன்கோபம். வீட்டில் அதற்குப் பெயர் போனவள். ஆனால் அந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் நான் யாரோடும் கோபிக்கவில்லை. கோபிக்கிற அளவுக்கு அங்கே எனக்கு ஒருவரும் நெருக்கமில்லை.

திருகோணமலையில் புல்மோட்டை பஸ்ஸில் விடியற்காலையில் ஏறி, பிரதான வீதியில் இறங்கி, மணல் பாதையால் உள்ளே நடக்க வேண்டும். பள்ளி அதிபர், கூட்டமென்று டவுனில் நிற்பார். மற்ற ஆசிரியர் திங்கள் வந்தால் செவ்வாய் இல்லை. நான் காய்ச்சலோடும் போனேன். இடைவேளையில் தனியே இருந்து சாப்பாட்டுப் பார்சலை அவிழ்ப்பேன். இவ மற்றவர்களைப் போல இல்லை என்று அந்த ஊர் ஒரு நாள் சொல்லும் என்று காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம் போய்வந்தேன்.

நல்ல சனம். மீன் தருவார்கள், இளநீர் தருவார்கள். வராத ஆசிரியர்களைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். முன்பொருமுறை, ஒரு ஆசிரியர் வருவதில்லை என்று கல்விக் கந்தோரில் முறைப்பாடு செய்தார்களாம். அந்த ஆசிரியரை மாற்றினார்கள், பதிலுக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு, வராதவரையும் வந்தார் என்று சொல்வது ஊர் வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் பஸ் நடுவழியில் பழுதாகி நின்றது. வேறு வாகனம் கிடைக்காமல் வெயிலில் நடந்தேன். செருப்பு வார் அறுந்து, அதையும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு வெள்ளை வாகனம் எதிரே வந்து புழுதியை என் மேல் அடித்துவிட்டுப் போனது.

போய்ச் சேர்ந்தபோது வகுப்பில் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டுப் படலை வாசலில் என் மாணவி ஒருத்தியின் தாய் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"பயப்பிடாதேங்கோ டீச்சர். இப்ப வெள்ளை வாகனத்தில போனது கல்விக் கந்தோர் ஐயா. டீச்சருக்குத் தலைச்சுத்து, எங்கட வீட்டிலதான் படுத்திருக்கிறா எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன். பிள்ளையளும் ஓம் எண்டு சொன்னதுகள்."

"ஐயோ, நான் வந்துகொண்டுதானே இருந்தனான்! பஸ் பழுதாப் போச்சு. நடந்தெல்லோ வாறன், என்ர காலைப் பாருங்கோ!"

"ஓம், ஓம்," என்றாள். முன்பிருந்தவர்களுக்கும் இப்படித்தான் தலையாட்டியிருப்பாள். "எங்களுக்குக் காரணமெல்லாம் சொல்லத் தேவையில்லை டீச்சர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு வருஷமா ஒரு நாளாவது வராமல் விட்டனானோ? சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

அவள் திகைத்துப்போனாள். கோபத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று பயந்திருக்க வேண்டும். உள்ளே ஓடிப்போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

ஏன் பிந்தினீங்கள், பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அவள் என்னை ஏசியிருக்கலாம். அந்த ஏச்சுக்கு ஏங்கிப்போய் நின்றேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நாளைக்கு ஏலுமெண்டால் வாங்கோ டீச்சர்," என்றாள், அவ்வளவு அன்பாக. "ஏலாட்டியும் பரவாயில்லை. வந்தவ எண்டு நாங்கள் சொல்லுவம்."