ஒன்பது வருடப் பயிற்சி

பி.எஃப். கணக்கில் செல்போன் எண்ணை மாற்றத்தான் பாண்டீஸ்வரி பெரியகுளத்து இ-சேவை மையத்துக்குப் போனாள். கணினியைப் பார்த்த பெண் நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க ஆறு தடவ வேலைய விட்டிருக்கீகளே?"

"நானா? ஒம்போது வருசமா ஒரே மில்லுதாம்மா."

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை விலகல். பத்து நாளில் மறுபடி சேர்க்கை. ஒவ்வொரு முறையும் 'பயிற்சியாளர்'. மில் அலுவலகத்தில் அவ்வப்போது நீட்டிய தாள்களில் பாண்டீஸ்வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். பிரசவ விடுப்பைத் தவிர அவள் ஒருநாளும் வேலையிலிருந்து நின்றதில்லை.

கெங்குவார்பட்டியிலிருந்து மில் பஸ் ஏறுகிறவள். நூல் சுற்றும் இயந்திரத்தில் அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் சேர்த்துவிடுவாள். அவளிடம் வேலை பழகியவர்கள் மட்டும் இருபத்திரண்டு பேர்.

மறுநாள் மேலாளர் எபனேசர் முன் நின்றாள்.

"நாந்தான் எல்லாருக்கும் கத்துக் குடுக்கேன். நான் இன்னும் பயிற்சியா சார்?"

அவர் மழுப்பவில்லை. "சட்டப்படி ரெண்டு வருசத்துல நானூத்தி எம்பது நாள் வேலை முடிஞ்சா நிரந்தரம் பண்ணணும்மா. அப்புறம் ஆர்டர் கொறஞ்சாலும் நிறுத்த முடியாது. மொதலாளி பயப்படுதாக."

அந்த நேரடிப் பதில் அவளை அறைந்தது போலிருந்தது. அன்றே பத்துப் பெண்களோடு தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். விசாரணை, வாய்தா என்று ஐந்து மாதம் இழுத்தது. கடைசியில் பதினோரு பேருக்கும் நிரந்தர ஆணை வந்தது. எபனேசரே கையில் கொடுத்தார். இந்த முறை அவள் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா மகள் திரிஷாவை வேலைக்குச் சேர்க்க அழைத்துப் போனாள். வாசலில் காவலாளி மறித்தார்.

"புது ஆள் எடுக்கலத்தா. இனி இருக்குற ஆளே ஆளுக்கு ரெண்டு மிசினு பாக்கணுமாம்."

"யாரு சொன்னாக?"

"ஆபீசுலதான். ஒங்களுக்கு நிரந்தர ஆர்டர் வந்த அன்னைக்கே சொல்லிட்டாக."

திரிஷா பாண்டீஸ்வரியின் முகத்தையே பார்த்தாள்.

"நான் திருப்பூருக்குப் போறேன் சித்தி. நீங்க உள்ள போங்க, சங்கு ஊதிருச்சு."

உள்ளே அவளுக்காக இரண்டு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஒரே நேரத்தில் இழை அறுந்து விளக்கு எரிந்தது. ஒன்பது வருடத்தில் முதன்முறையாக, எதை முதலில் தொடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.