தோள் பை இல்லாமல் போனவள்

என் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. கையில் ஒரு சோப்பைக் கொடுத்தால் சுவரைக்கூட வாங்க வைத்துவிடுவாள். நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் ஆள் சேர்ப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சேர்ந்தவர்களை நிறுத்திவைக்கத்தான் தெரியவில்லை. முதல் மாதம் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார்கள். இரண்டாம் மாதம் போனை எடுக்க மாட்டார்கள். மூன்றாம் மாதம் அவளைத் தெருவில் கண்டாலே எதிர்ப்பக்கம் தாவிவிடுவார்கள். நான் பிரிட்ஜ் மெக்கானிக். கதவு சரியாக மூடாத பிரிட்ஜில் எத்தனை காய்கறி அடுக்கினாலும் வாடத்தான் செய்யும் என்று ஒருநாள் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவளை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டவரை நாங்கள் வீட்டில் 'மைக்' என்போம். மைக் கிடைத்தால் கீழே வைக்க மாட்டார். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"உங்க ஆளுங்க பத்துப் பேராவது வருஷக் கூட்டத்துல எழுந்து நிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் உங்க குழுவை என் குழுவோட சேர்த்துடுவேன்."

மூன்று வருடம் வெயிலில் அலைந்து கட்டிய குழு அது. மிச்சம் இருந்தவர்கள் சரியாகப் பத்துப் பேர். பத்தாவது ஆள் என் தங்கை, தையல்காரி.

பயத்தில் என் மனைவி, மைக் அனுப்பும் காலை வாசகத்தைத் தினமும் பத்துப் பேருக்கும் அப்படியே தள்ளிவிட ஆரம்பித்தாள். ஒருநாள் போனது இது: 'உங்கள் இரு கைகளே உங்கள் மூலதனம்! இன்று பத்துக் கதவுகளைத் தட்டுங்கள்!' அன்று என் தங்கையின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. முந்தின நாள் படியில் வழுக்கி விழுந்திருந்தாள். கட்டுப் போடும்போது பக்கத்தில் நின்றது சாட்சாத் என் மனைவிதான்.

இடது கையால் தட்டிய பதில் வந்தது: 'எந்தக் கையால தட்டட்டும் அண்ணி?'

என் மனைவி பதறிப்போய்க் கிளம்பினாள். பழக்கதோஷம், சாம்பிள் பையும் தோளில் ஏறிக்கொண்டது. தங்கை வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டாள்.

"கையைப் பாக்க வந்தீங்களா, சோப்பு விக்க வந்தீங்களா? சேர்க்கிற வரைக்கும் தினம் வந்தீங்க. சேர்ந்த மறுநாள்லேர்ந்து நான் வெறும் நம்பர். என்னை விட்டுடுங்க அண்ணி."

வீட்டுக்கு வந்து அழுதாள். தங்கை சொன்னதில் தப்பில்லை என்று நானும் சொல்லிவைத்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

மறுநாள் காலை பையை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனாள். தங்கையின் கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். கோணல்மாணலாகத் தைத்ததைத் தங்கை பிரிக்கச் சொன்னாள், மறுபடி தைத்தாள். சோப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. அப்படியே மற்ற ஒன்பது பேர் வீட்டுக்கும் போனாள். நர்ஸம்மாவுக்கு டியூட்டி எப்போது முடியும் என்று கேட்டு அதற்குப் பிறகே போன் செய்தாள். முடிவெட்டுகிறவருக்குத் தன் கடைக்கு மட்டும் சாமான் போதும், ஆள் சேர்க்க விருப்பமில்லை. சரி என்று விட்டுவிட்டாள். டிரைவர் மனைவிக்குப் புது ஆளைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் முதன்முதலாகப் பொருள் காட்டப் போன வீட்டுக்குத் துணைக்குப் போய் அரைமணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். என் மனைவி! நான் நம்பவே இல்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விலகல் படிவத்தை எடுத்துக்கொண்டு தங்கையிடம் கிளம்பினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? ஒன்பதுதானே மிஞ்சும்?" என்றேன்.

"தெரியும். அவ கேட்டு ஒரு மாசம் ஆச்சு. நான்தான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

கொடுத்துவிட்டு வந்தாள்.

கூட்டத்தன்று அவள் ஆட்களை எழுந்து நிற்கச் சொன்னார் மைக். ஒன்பது பேர் எழுந்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. கட்டுப் பிரித்த கையோடு என் தங்கை நின்றாள். மைக் அசடு வழிந்தபடி மைக்கை நீட்டி, விலகப் போவதாகக் கேள்விப்பட்டேனே, ஏன் விலகவில்லை என்று கேட்டார்.

தங்கை ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். விலகல் படிவம்தான். பின்பக்கம் யாருடைய சட்டை அளவோ எழுதியிருந்தது.

"போறதுக்கு அண்ணியே ஃபாரம் கொண்டாந்து குடுத்தாங்க. அதான் போகல."

மண்டபம் அதிர்ந்தது. என் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.