மாமா சிவப்புக் குறி போட்ட பேட்டரி

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் யாரும் என்னை ஓரவஞ்சனை பிடித்தவன் என்று சொல்லக் கூடாது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமானால் என் அக்காவிடம் போங்கள். அவளுக்கும் மூன்றாவது வார்த்தையில் மூச்சு முட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயர் மீட்டர். வசதியானவர்களின் ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் பழுது பார்க்கும் இடம் அது. அங்கே இருபத்தாறு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் இருக்கும், அதன் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் கழுத்தில் தொங்கும். மனிதர் எவரையும் அவர் நம்பியதில்லை, மீட்டரைத்தான் நம்புவார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்க் கூடத்து ஸ்விட்சைக் கழற்றி, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இல்லை. அதை அத்தனை பேர் முன்னாலும் அப்பாவிடம் சொன்னார். "இத்தன வருஷமா நீங்க உயிரோட இருக்கறதே பெரிய விஷயம்" என்றார். அப்பா அதற்கப்புறம் அவர் வந்தால் வெளியே கிளம்பிவிடுவார்.

பதினைந்து வயதில் ஒரு பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆசிட் பட்டுப் பட்டு, முழுசான சட்டை ஒன்றுகூட அவருக்கு அந்தக் காலத்தில் இருந்ததில்லையாம். இருபது வயதில், செத்துப்போன ஒரு பேட்டரிக்கு எப்படியாவது உயிர் கொடு என்று கடைக்காரர் நச்சரித்திருக்கிறார். இவரும் இரண்டு நாள் விடாமல் சார்ஜ் ஏற்றியிருக்கிறார். கிளிப்பைக் கழற்றும்போது ஒரு பொறி தெறித்து, பேட்டரி வெடித்தது. கண் தப்பியது, வலது காது கேட்காமல் போய்விட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்தான். மீட்டர் பத்து வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அது பிணம். உடனே சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்து, பேட்டரியின் தலையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த பேட்டரி பின்பக்கத்து இரும்புத் தட்டுக்குப் போய்விடும். அதற்கு மேல் முதலாளியே வந்தாலும் பேச்சு கிடையாது. இருபத்தாறு வருடத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு பேட்டரிகூட வெடித்ததில்லை. சொல்ல எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் அதே இடத்தில் உதிரிபாகக் கவுண்டரில் இருக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்தவர் மாமாதான். பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது அதை மறக்க விட்டாரா என்றால் இல்லை. "மாப்ள, நீ இங்க உக்காந்திருக்கறது யாரால?" என்று மெக்கானிக்குகள் டீ குடிக்கும் நேரம் பார்த்துக் கேட்பார். பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களோடு ஒரு சின்னப் புத்தகம் வரும், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். வேலை செய்பவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். நான் படித்து, தேவையானதை மட்டும் ஒரு அட்டையில் எழுதி, நூல் கட்டிச் சாமானில் தொங்கவிட வேண்டும். அட்டையைப் பார்த்துத்தான் வேலை நடக்கும். வேலை முடிந்ததும் அட்டை அந்தந்த மேஜைக்கு மேலே உள்ள ஆணிக்குப் போகும். புத்தகம் என் அலமாரிக்கு வந்துவிடும்.

போன வருடம் ஒரு வக்கீல் காரைக் கொண்டுவந்து விட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஓட்டற ஆளத்தான் மாத்தணும்" என்று மாமா அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வக்கீல் சும்மா விடுவாரா? முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னார்: "இன்னும் ஒரு கஸ்டமர் உன்னால கோவிச்சுக்கிட்டு வெளிய போனா, நீயும் அவங்க கூடவே போயிடு." மாமாவுக்கு அப்போது வயது ஐம்பத்து நாலு, ஒரு காது கேட்காது. வேறு எந்த ஒர்க்‌ஷாப்பும் அவரைச் சேர்க்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பல் டாக்டரம்மா வந்தார். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகும் இரண்டு சீட்டு வண்டி அவருடையது. லீவு நாளில் பந்தயத் தடத்துக்குப் போய் நாலு சுற்று ஓட்டிவிட்டு வருவார். வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு பைத்தியம்.

"பழைய பேட்டரி இருபத்தோரு கிலோ. லித்தியம் போட்டா பாதிக்கும் கீழ வந்துடும்னு சொல்றாங்களே?" என்று கேட்டார்.

நான் இரண்டு பேட்டரிகளின் படத்தை எடுத்து வைத்தேன். ஒன்று நாலரை கிலோ, இன்னொன்று ஏழு. நாலரை கிலோவைப் பற்றி ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மாமா வந்து எனக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றார்.

"பேட்டரி எங்க இருக்கு?"

"முன்னால, பானட்டுக்குக் கீழ" என்றார் டாக்டர்.

"பானட் எதுல தெறக்குது?"

"பட்டன அமுக்கினா தெறக்கும்."

"பட்டன் எதுல வேலை செய்யுது? பேட்டரில. அப்ப பேட்டரி படுத்துக்கிட்டா, பேட்டரிய எடுக்கப் பானட்டே தெறக்காது. வாரத்துல எத்தன நாள் ஓட்டுவீங்க?"

"ஒரு நாள். சில வாரம் அதுவும் இல்ல."

"வண்டி நின்னாலும் அலாரம் தின்னுக்கிட்டே இருக்கும். நாலரை கிலோ தாங்காது. வீட்ல என்ன சார்ஜர் வெச்சிருக்கீங்க?"

"பழைய பேட்டரிக்கு வாங்கினதுதான்."

"தூக்கிப் போடுங்க. மக்கிப்போன பேட்டரிய உலுக்கறதுக்கு அது திடீர்னு அதிக வோல்ட் ஏத்தும், லித்தியத்துக்கு ஆகவே ஆகாது. லித்தியத்துக்குன்னே தனியா வருது, அத வாங்குங்க. ஏழு கிலோவே போடலாம்."

"மேடம் எடை குறையணும்னுதான் கேக்கறாங்க" என்றேன் நான்.

மாமா திரும்பக்கூட இல்லை. "மாப்ள, நீ பெட்டிய எடுத்துக் குடு, போதும். யோசிக்கறதுக்கு நான் இருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பின்னால் நின்ற இரண்டு மெக்கானிக்குகளும் சிரித்தார்கள். ஏழு கிலோவே முடிவானது. மாமா கேட்டது எல்லாமே சரியான கேள்விகள், அவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அதனால்தான் எனக்கு வயிறு அப்படி எரிந்தது.

நாலாம் நாள் பேட்டரி வந்தது. உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: சார்ஜ் மிகவும் இறங்கிவிட்டால் இந்தப் பேட்டரி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும், கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பக்கவாட்டில் உள்ள பட்டனை ஐந்து விநாடி அழுத்தினால் மிச்சம் வைத்திருக்கும் மின்சாரத்தில் வண்டி கிளம்பும். அதுவரை மாமா கைக்கு வந்த லித்தியம் பேட்டரிகள் மூன்றே மூன்று. மூன்றிலும் இந்த ஏற்பாடு கிடையாது.

அட்டையை எழுதினேன். டெர்மினல் நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த சார்ஜர், எத்தனை வோல்ட் வரை என்று எல்லாம் எழுதினேன். ஒன்பதாம் பக்கத்தை மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மறக்கவில்லை. பேனா அங்கே வந்து நின்றது. "யோசிக்கறதுக்கு நான் இருக்கேன்" என்ற குரல் காதில் கேட்டது. சரி, நீயே யோசி என்று பத்தாம் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

மாமா பேட்டரியை மாட்டிக் கொடுத்து மூன்று வாரம் கழித்து, அந்தக் கார் லாரி மேல் ஏறி வந்தது. டாக்டர் பின்னாலேயே டாக்ஸியில் வந்து இறங்கினார். பந்தயத் தடத்துக்குக் கிளம்பும்போது வண்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லையாம். புது பேட்டரி என்று நம்பிப் பணம் கட்டி இடம் பிடித்திருந்தார், அந்தப் பணம் போய்விட்டது. குரல் ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது. முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார்.

மாமா அசரவில்லை. உள்ளே குனிந்து, ஃபியூஸ் பெட்டி வழியாக வெளி பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பானட்டைத் திறந்தார். அந்த கேபிளைக் கழற்றிவிட்டுப் புது பேட்டரியில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். ஒயரைத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் பூஜ்யம்.

"செத்துப்போச்சு."

"மூணு வாரத்துலயா?"

"உள்ள ஏதோ கேமரா மாட்டியிருக்கீங்க. அத நிறுத்தாம போயிருக்கீங்க. பேட்டரிய நான் சரியாத்தான் போட்டேன். கொன்னது நீங்க."

"என்னயா சொல்றீங்க?"

"பல்லு பாக்கறவங்களுக்கு மீட்டர் படிக்கத் தெரியணும்னு அவசியம் இல்ல. நான் படிச்சுச் சொல்றேன். பூஜ்யம்."

சொல்லிக்கொண்டே பெயின்ட் டப்பாவைத் திறந்தார். நான் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன், பத்தடி தூரம் இருக்கும். "மாமா, பக்கத்துல பட்டன் இருக்கு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். டாக்டரின் முகம் சிவந்திருந்தது. முதலாளி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். பிரஷ் பேட்டரியின் மேல் குறுக்கே ஒரு முறை போனது, மறுபக்கம் இன்னொரு முறை போனது.

முதலாளி பேட்டரி விற்றவருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பேட்டரி அருகில் குனிந்து, பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தினார். வண்டிக்குள் விளக்குகள் எல்லாம் எரிந்தன. டாக்டர் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். வண்டி உறுமியது.

ஈரம் காயாத சிவப்புக் குறி பேட்டரி மேல் பளபளத்தது. மாமா மீட்டரைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

முதலாளி என் பக்கம் கை நீட்டிப் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "இவ்வளவு பெருசாப் போட்டிருக்கான். அட்டையில இது இல்லயா?"

மாமா தன் மேஜைக்குப் போய் ஆணியிலிருந்து அட்டையை எடுத்தார். கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் முழுக்கப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இருக்கு. எழுதித்தான் குடுத்திருக்கான். நான்தான் படிக்கல" என்று சொல்லி, அட்டையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் மன்னிப்புக் கேள் என்றார் முதலாளி. மாமா கேட்க வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. அவருக்குப் பழக்கமில்லை. "நாளைலேருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. மாமா மீட்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். அவருடைய மேஜை சாயங்காலமே என் பொறுப்புக்கு வந்தது. உதவிக்கு வேறு எலக்ட்ரீஷியன் வருவார், புத்தகம் படித்து வேலை சொல்ல நான் இருக்கிறேனே என்று முதலாளி தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பாள். மாமா சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் அந்த நேரத்தில் அவரை வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

அக்கா கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். "என் தம்பி மாங்கு மாங்குன்னு படிச்சு எழுதிக் குடுக்கறான், அதப் படிக்கக்கூட இவருக்குக் கௌரவம் எடம் குடுக்கல! அவன் பேச்சக் கேட்டிருந்தா இந்த கதி வருமா?" மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டித் தீரும் வரை உட்கார்ந்திருந்தார்.

அவள் அடுப்படிக்குப் போனதும், குரலை உயர்த்தாமல் சொன்னார். "உனக்காகப் பண்ணேன்னு நெனச்சுக்காத. உண்மைய சொன்னா ரெண்டு பேரும் வீட்ல உக்காரணும். உங்கக்கா யார் சம்பளத்துல சாப்பிடுவா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. நான் குறி போடும்போது வாய தெறக்காதவன் இப்பவும் தெறக்காத. நாளைலேருந்து என் எதிர்ல உக்காந்து சாப்பிடாத. அவகிட்ட ஏதாவது சாக்கு சொல்லு. அதெல்லாம் உனக்கு நல்லா வரும்."

அக்கா பாத்திரத்தோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. என் தோளில் கை வைத்தாள்.

"இனிமே இந்த வீட்ட நீதான்டா பாத்துக்கணும். நீயாவது நல்லாச் சாப்பிடு" என்று கரண்டியை எடுத்தாள்.

மாமா தலையைத் தூக்கவில்லை. நான் தட்டை நீட்டினேன்.