சாமியறையில் வைக்க முடியாத பேட்டரி

யாழ்ப்பாணத்துக்கு மருமகளாக வந்த எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. கணவரின் அக்கா என்னைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் என்னை "வாங்கோ, இருங்கோ" என்றே அழைக்கிறார். எங்கள் மதுரையில் என்றால் நான் அவரை அண்ணி என்றிருப்பேன், அவர் என்னை "வாடி" என்றிருப்பார். இங்கே நான் அவருக்கு மச்சாள், அவர் எனக்கு மச்சாள். இவ்வளவு மரியாதை தருகிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

யாழ்ப்பாணத்தை அடுத்த நீர்வேலியில் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றால் மின்விசிறி நிற்கும். உடனே கைக்குழந்தையான என் மகள் வியர்த்து அலறுவாள். அதனால் லித்தியம் பேட்டரி வாங்க முடிவு செய்தோம். அளவு போடும் பொறுப்பு எனக்கு. மின்விசிறி அறுபது வாட், எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ அரை யூனிட். விளக்குகள், வைஃபை, குளிர்சாதனப் பெட்டி என்று கூட்டிக்கொண்டே போனேன்.

"வாழைக்குத் தண்ணி இறைக்கிற மோட்டரையும் சேருங்கோவன்," என்றார் மாமனார்.

"ஐயோ மாமா, அது ஒண்ணே எல்லாத்தையும் குடிச்சிடும்!"

"அப்ப உங்கடை அறை விசிறிக்குத்தான் பேட்டரியோ?" என்று மச்சாள் சீண்டினார்.

அவர் அறை விசிறியையும் சேர்த்தேன். இன்வெர்ட்டர் தின்பதற்குக் கொஞ்சம், பேட்டரியை அடிவரை காலியாக்காமல் இருக்கக் கொஞ்சம். இரண்டரை யூனிட் வந்தது. சரிதானா? பேட்டரி வயதாகி இளைத்தால்? பயத்தில் ஐந்து யூனிட்டாக்கினேன்.

பேட்டரி வந்த அன்று மகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால், கொண்டுவந்தவர்களைக் கொண்டே மச்சாள் அதைச் சாமியறையில் வைத்திருந்தார். சந்தனம், குங்குமம், மேலே ஒரு பட்டுத்துணி. ஒரு முழம் தள்ளிக் குத்துவிளக்கு எரிந்தது!

"விலை கூடின சாமான். வீட்டிலை இதைவிடச் சுத்தமான இடம் ஏது?" கையில் பழைய ஆசிட் பேட்டரியின் சார்ஜர் வேறு. "இதாலை ஏத்தலாம்தானே?"

ஆயுதபூசைக்கு மிக்ஸிக்கும் பொட்டு வைத்து வளர்ந்தவள் நான். அவர் அன்பு புரிந்தது. ஆனால் அடுத்த அறையில் தொட்டில்.

"முடியாது மச்சாள்." சார்ஜரை அவர் கையிலிருந்து வாங்கினேன். "பக்கத்துல நெருப்பு கூடாது, மேல துணி கூடாது, காத்துப் படணும். லித்தியத்துக்குன்னு தனி சார்ஜர் இருக்கு. இது அளவு மீறி ஏத்திடும்."

"முருகன் பாப்பார்தானே?"

"பாப்பாரு. நாமளும் பாக்கணும்ல?"

மச்சாள் விளக்கைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார். "அப்ப முருகனைத் தூக்கி வெளியிலை வைப்பமோ?" என்று கேட்டுத் தானே வெடித்துச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். வெயிலும் மழையும் படாத பக்கத்து விறாந்தைக்குப் பேட்டரி போனது. துணியை மச்சாளே உருவிக்கொண்டார். கற்பூரம் மட்டும் ஏற்றாமல் கும்பிட்டோம்.

சில நாள் கழித்து, ஒரு பின்னேரம் பொழுது சாய்ந்ததும் மின்சாரம் நின்று ஊரே இருண்டது. விசிறி நிற்கவில்லை! மகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. மச்சாளும் நானும் கைகோத்துச் சிறுமிகள்போலக் குதித்தோம்.

அப்போதுதான் மதுரையிலிருந்து அம்மா வீடியோவில் அழைத்தாள். திரை கறுப்பாக இருந்தது. அங்கேயும் மின்சாரம் இல்லை.

"புழுக்கம் தாங்கலடி," என்றாள்.

இந்த வீட்டில் எல்லோரையும் கணக்கில் சேர்த்திருந்தேன். அம்மாவைச் சேர்க்க வழியில்லை. காற்று போகாது என்று தெரிந்தும், கைப்பேசியை விசிறிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.