மூன்றே முக்கால் மணிச் சத்தம்

போர்டு அக்காவுக்குப் பாம்புக் காது. காகித ஆலையின் டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள். ஒருவர் "ஹலோ" என்று வாய் திறந்தால் போதும், யார், எந்தப் பிரிவு, காலையில் வீட்டில் சண்டையா என்பது வரை சொல்லிவிடுவாள். அறுநூறு எண்கள் தலைகீழ்ப் பாடம். அதே ஆலையின் ஸ்டோரில் வேலை பார்த்தவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்டு மனசைக் கொடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அவளிடம் போய் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வம்பு வளர்த்தது. மகன் வாங்கி மாட்டியது. திருடன் வந்தால் கத்த வேண்டிய அலாரம், பட்டப்பகலில் மூன்றே முக்காலுக்கு ஊரைக் கூட்டியது. ஒரே வாரத்தில் ஐந்து முறை. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து போட்ட சத்தத்துக்கு அலாரமே தேவலை.

மகன் போனில் சுற்றி வளைக்கவில்லை.

"மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன். மெஷின்ல கோளாறுன்னா வேற மாத்திடலாம். இல்லேன்னா நீ தனியா இருந்தது போதும்மா. வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு."

"மெஷின்லதாண்டா கோளாறு" என்றாள். கணவர் கையால் அடித்த ஆணிகள் இருக்கும் சுவர்களை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

மெக்கானிக் மூன்று மணிக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஏணி போட்டு ஏறி மேலே இருந்த சைரனின் பேட்டரியைப் பார்த்தார், ஒயரை இழுத்துப் பார்த்தார், ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் திறந்து மூடினார். அக்கா பின்னாலேயே போனாள்.

"எலி கடிச்சிருக்குமோ?"

"எலி பாவம்மா. அது மேல பழி போடாதீங்க."

"மழைத்தண்ணி இறங்கியிருக்கும்."

"ஒரு சொட்டுகூட இல்லம்மா."

ஏணியிலிருந்து இறங்கி, கைக்கெட்டும் உயரத்தில் இருந்த பெட்டியின் பதிவைப் படித்தவர், மெதுவாகத் திரும்பினார்.

"தப்பான நம்பரை மூணு தடவை அழுத்தினா இது கத்தும். அதான் நடந்திருக்கு. வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?"

"நான் மட்டும்தான். நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உக்காருங்க தம்பி, டீ போடறேன். இருந்து பாருங்க, அதுவா அடிக்கும்."

மூன்றே முக்கால் ஆக ஒரு நிமிஷம் இருக்கும்போது சமையலறைப் பக்கம் திரும்பினாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது அந்தச் சத்தம்தான்.

அவள் சமையலறையில் இல்லை. கூடத்தில், பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். மெக்கானிக் ஓடிவந்து சத்தத்தை நிறுத்தினார்.

"பாத்தீங்களா, அதுவா..." என்று ஆரம்பித்தவளின் ஆள்காட்டி விரல் இன்னும் பெட்டியின் பொத்தானில் இருந்தது. அதைப் பார்த்ததும் விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

"என்ன நம்பர் போட்டேன்?"

அவர் தயங்கினார். "ரெண்டு நாலு ஒண்ணு ஏழு. மூணு தடவையும் அதேதான். போட்டுட்டு ஒவ்வொரு தடவையும் காத்திருந்தீங்கம்மா, யாரோ பேசப்போற மாதிரி."

அது ஆலையில் கணவர் இருந்த ஸ்டோரின் எண். ஆலையில் மூன்றே முக்காலுக்கு டீ இடைவேளை. தினமும் அந்த எண்ணைத்தான் அவள் முதலில் போடுவாள். அவர் எடுத்து, "சொல்லு" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச நேரம் இருக்காது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் போன அன்றுகூட இப்படி அழவில்லை.

மெக்கானிக் ஏணியை மடித்துச் சுவரில் சாய்த்தார். பிறகு, "அந்த நம்பரையும் சரியான நம்பரா உள்ள சேத்துடட்டுமா? அப்புறம் கத்தாது. பையன்கிட்ட மெஷின்ல கோளாறுன்னே சொல்லிடறேன்" என்றார்.

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், கத்தாத பெட்டிக்கு முன்னால் தினமும் தான் நின்றுகொண்டிருப்பது தனக்கே தெரியாமல் போய்விடுமே.

"வேணாம் தம்பி. மெஷினும் பாவம்தான். பழி போட வேணாம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய் ரிசீவரை எடுத்தாள். மகனிடம் தானே சொல்லிவிடுவது என்று தீர்மானம். விரலை எண்கள் மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். பிறகு ரிசீவரை மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"பையன் நம்பரை நீங்களே போட்டுக் குடுங்க தம்பி. எனக்கு அந்த ஒரு நம்பர்தான் வருது."