வாய்க்குள் மூன்று வெள்ளிக்காசுகள்

ஊரிகத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் சாமான் கிடங்கில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது எனக்குப் பழங்காசுப் பைத்தியம் பிடித்தது. தொழிலாளர் லைன் வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பானை உடைந்து, கூலியாட்கள் கையில் வெள்ளிக்காசுகள் அகப்பட்டன. ஒரு பக்கம் தடித்த கழுத்துள்ள ஓர் ஆணின் தலை, மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த பெண். ரோமாபுரிக் காசு என்றார் வெள்ளைக்கார இன்ஜினியர். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. யாரிடம் இருந்தாலும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

பாறையில் துளை போடும் வட ஆற்காட்டுக்காரன் ஒருவன், தன்னிடம் மூன்று இருப்பதாகவும், மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் தருவதாகவும் சொன்னான். பூட்டில்லாத குடிசையில் வைக்கப் பயந்து, மடியில் முடிந்துகொண்டு சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறான். மேலே வந்ததும் சோதனை போடும் காவலாளிகளைப் பார்த்து மிரண்டு, காசுகளை வாயில் போட்டுக்கொண்டான்.

கூச்சல் கேட்டு நான் ஓடியபோது காவலாளி ஒருவன் அவன் தலைமயிரைப் பிடித்திருந்தான். "வாயத் தொறடா. தங்கந்தான?" என்று இன்னொருவன் தடியை ஓங்கினான். தாடையில் விழுந்த அடியின் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் மண்டியிட்டுத் துப்பினான். ரத்தத்தோடு இரண்டு பற்கள், காசுகள். ஒரு காசு உருண்டு தண்டவாளத்தின் ஓரம் போயிற்று. நான் குனிந்து அதைத்தான் முதலில் எடுத்தேன்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா ரைட்டரய்யா, கெடச்சிச்சா?" என்றான், குழறலாக.

அதற்குப் பிறகுதான், அது தங்கமில்லை, எனக்குக் கொண்டுவந்தது என்று காவலாளிகளிடம் சொன்னேன். அதற்குள் கீழிருந்து வந்த அடுத்த கேஜ் கூண்டில் அடிபட்டவனின் கூட்டாளிகள் ஏறி வந்துவிட்டார்கள். தடி ஓங்கியவனைக் கீழே தள்ளி, துளைக்கம்பியால் அவன் கை முறியும்வரை அடித்தார்கள். இன்னொருவன் ஓடிவிட்டான். பிறகு, காசு எனக்காக வந்தது என்று அறிந்து என் பக்கம் திரும்பினார்கள். தோளில் ஒரே அடி. சுருண்டு விழுந்த என் மேல் உதைகள் விழுந்தன. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.

தோளில் கட்டோடு அந்தத் துளை போடுபவனின் குடிசைக்குப் போய் மூன்று காசுகளையும் நீட்டினேன். அவன் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அத எடுத்துகினு போங்க. அவரால கஞ்சி கூட முழுங்க முடியல."

அந்த வாரமே அவர்கள் ஊர் திரும்பினார்கள். காசுகளை அங்கே வைத்துவிட்டு வந்திருக்கலாம். எடுத்துக்கொண்டுதான் வந்தேன். அதற்குப் பிறகும் நான் காசு சேர்ப்பதை நிறுத்தவில்லை.