சமுத்திரம் என்று சொன்னார்கள்

கதை கட்ட எனக்குத் தெரியாது. எழுதுகிறவர் என் வீட்டுக்காரர் எழில். நான் அவருடைய கோழிக் கிறுக்கலைப் பார்த்து நல்ல கையெழுத்தில் நகல் எடுத்தவள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ராத்திரி இல்லை. பட்டப்பகல். 1996, பங்குனி மாதம், திருவண்ணாமலை.

எண்பத்தொன்பதில் எங்களுக்குக் கல்யாணமானபோது, சாத்தனூர் அணைக்கு வரும் வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போட அழைத்துப் போவதுதான் அவர் பிழைப்பு. கெண்டை எங்கே நிற்கும், விரால் எதற்கு வாய் திறக்கும், எல்லாம் அத்துப்படி. அதையே ஒரு வாரப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். பிறகு குஞ்சு மீனைப் பிடிக்காதே என்று எழுதினார். கடைசியில் கடற்கரைக்கே போய்விட்டார். வலையில் மாட்டிச் சாகும் பங்குனி ஆமை என்கிற கடலாமைகளை எண்ணி எழுதுவாராம்! மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் ஜாஸ்தி.

நான் கோபக்காரி. அந்தத் தடவை அவர் கிளம்பும்போது கத்தினேன்.

"அந்த ஆமையையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க. இங்க வராதீங்க."

பையை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். அன்றுதான் வர வேண்டிய நாள்.

மதியம் 2.30. எஸ்.டி.டி. பூத் செழியன் ஓடி வந்தான்.

"அக்கா! யாரோ போன் பண்ணாங்க. எழில் அண்ணன் சமுத்திரத்துல விழுந்துட்டாராம். உடனே வரணுமாம். அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு."

எங்கள் ஊரில் சமுத்திரம் என்றால் கடல் இல்லை. மலையடியில் இருக்கும் ஏரிக்கு அதுதான் பெயர். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வருமுன் அந்த ஏரியைப் பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அந்த வருஷம் ஏரி வற்றிக் கிடக்கிறது என்பது புத்தியில் உறைக்கவில்லை.

3.00. கரைமேல் ஏறினேன்.

கூட்டம் இல்லை. தண்ணீர் இல்லை. வெடித்த மண்தான். கரையில் அவர் மட்டும், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அப்பாடா... உயிர் வந்தது எனக்கு.

"ஏங்க..."

திரும்பவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

சொட்... சொட்...

காய்ந்த ஏரியில் எப்படி நனைந்தார்? ஏன் கருவாட்டு வாடை வருகிறது?

"எழுதிக்கிறியா?" என்றார். குரல் தூரத்திலிருந்து வந்தது.

"என்னத்த எழுதுறது? இங்க உயிர் போகுது எனக்கு!"

"இருபத்தேழு ஆமை. எண்ணிட்டேன். எழுதிக்கோ."

மூச்சு வாங்கினார். கர்... கர்...

பிறகு வலது கையை நீட்டினார்.

"குளுருது. கையப் புடிச்சிக்கோ."

அந்த வெயிலில் குளிரா?

மன்னிப்புக் கேட்கத்தான் ஓடி வந்தேன். ஆனால் அவரை உயிரோடு முழுசாகப் பார்த்ததும் பாழாய்ப்போன வீம்பு வந்துவிட்டது.

"ஒண்ணும் வேணாம். மொதல்ல வீட்டுக்கு வாங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சொட்... சொட்...

கர்...

நின்றுவிட்டது.

திரும்பினேன்.

அவர் இல்லை.

உட்கார்ந்திருந்த இடம் காய்ந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 3.05.

ஏரியெல்லாம் கத்திக்கொண்டு அலைந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குச் செழியன் தேடி வந்தான். மறுபடியும் போன் வந்ததாம். சமுத்திரம் என்று அவர்கள் சொன்னது நிஜமான கடலை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அவரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். உயிரோடு மாட்டியிருந்த ஓர் ஆமையை வலையை அறுத்து விடுவிக்கக் கடலில் குதித்தவர், அதே வலையில் கால் சிக்கிக்கொண்டாராம். இழுத்துக் கரை சேர்த்த மண்ணாங்கட்டி என்ற படகுக்காரர் என்னைப் பார்த்ததும் அழுதார்.

"மூணு அஞ்சு வரைக்கும் உயிர் இருந்துச்சு அண்ணி. கண்ணத் தொறக்கல, கைய மட்டும் நீட்டிக்கிட்டே இருந்தாரு. நான் புடிச்சேன். ஒதறிட்டாரு. 'நீ இல்லய்யா... அவ பக்கத்துலதான் நிக்கிறா. கோவமா இருக்கா, புடிச்சிக்க மாட்டேங்கறா'ன்னாரு."